ஆர்ட் பெல் போய் ஜார்ஜ் நூரி வந்ததை அன்றும் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன்

#1 இரவுப்பணி

ரொம்ப நாளாக மனசில் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன். அமெரிக்க இரவு வானொலி பற்றி, அதிலும் பேய், பறக்கும் தட்டு என்று நேயர்கள் தொலைபேசியில் பேசும் 'கோஸ்ட் டு கோஸ்ட் ஏ.எம்.' பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரே பல்லவிதான்: அதை நடத்திய ஆர்ட் பெல் இருந்தவரைதான் அது வானொலி, அப்புறம் வெறும் சத்தம். நான் அந்தக் கட்சி இல்லை. 2003 ஜனவரி 1 முதல் ஜார்ஜ் நூரி வார நாட்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் சொல்ல வந்தேன்.

பெல் பிடிக்காதவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1999-இல் டென்வரில் ஒரு கணினி மையத்தில் எனக்கு இரவு ஷிப்ட். ஊருக்குப் புதுசு. கல்யாணம் ஆகவில்லை. பெரிய கூடம் முழுக்க இயந்திரங்கள், குளிர், இரைச்சல், நடுவில் நான் ஒருவன். உள்ளே ரேடியோவைப் போட்டால் கரகரப்பு மட்டும்தான் வரும். அவ்வளவு மின்காந்தக் குறுக்கீடு. அதனால் நடைபாதை ஓரத்து ஜன்னல் விளிம்பில் வைத்து, கதவைத் திறந்து போட்டிருப்பேன். கே.ஓ.ஏ. நிலையம், மத்திய அலை 850. எங்கள் ஊர்க் கணக்கில் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை. நெவாடா பாலைவனத்தில் பாரம்ப் என்ற சின்ன ஊரில், தன் வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்துக்கொண்டு பெல் பேசுவார். முதல் இரவு கேட்டது நினைவிருக்கிறது. பேய், பறக்கும் தட்டு என்று எதை நம்பினேனோ இல்லையோ, அந்தக் குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நம்பினேன்.

ஆனால் அவர் போய்க்கொண்டே இருந்தார். நான் கேட்க ஆரம்பிப்பதற்கு முன்பே, 1998 அக்டோபரில், முன்னறிவிப்பே இல்லாமல் விடைபெற்று, அந்த மாதக் கடைசியிலேயே திரும்பியவர். 2000 ஏப்ரலில் மறுபடி. மைக் சீகல் வந்தார், ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 2001 பிப்ரவரியில் பெல் திரும்பினார். அப்புறம் முதுகுவலி, இன்று வருவாரா மாட்டாரா என்ற இரவுகள், 2002 முடிவில் மீண்டும் விடை. குடும்பத்தில் நேர்ந்த துயரம், உடம்பின் வலி எல்லாம் நியாயமான காரணங்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பதினொரு மணிக்கு ரேடியோவைத் திருப்பும்போது அடிவயிற்றில் ஒரு பயம் இருக்குமே, அது எனக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது. தனியாக விழித்திருப்பவனுக்கு மேதை தேவையில்லை. இருக்கிறேன் என்று சொல்கிற ஆள் தேவை.

நூரி இருந்தார். நான் டென்வரை விட்டு வந்து, ஷிப்ட் மாறி, பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். எப்போது திருப்பினாலும் அவர் அங்கே இருந்தார். இதற்கு நன்றி சொன்னவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. அதனால்தான் இந்த இழை.

#2 மத்தியஅலை

தம்பி, உன் நன்றியை நான் மறுக்க மாட்டேன். ஆனால் போனது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெல் யாரையும் வடிகட்டாமல் லைனில் எடுப்பார். ராக்கி மலைக்குக் கிழக்கே ஒரு எண், மேற்கே ஒரு எண், முதல் முறை அழைப்பவர்களுக்குத் தனி எண், இதிலெல்லாம் அடங்காதவர்களுக்கு 'வைல்டு கார்டு' எண். நடுவில் உதவியாளர் யாரும் கிடையாது. பொத்தானை அமுக்குவது அவரே. எதிர்முனையில் பேராசிரியரா, குடிகாரரா, அழுகிறவரா என்பது அவருக்கும் நமக்கும் ஒரே நொடியில்தான் தெரியும். இன்றைக்கு எந்த நிலையமும் அப்படிச் செய்யத் துணியாது.

1997 செப்டம்பர் 11. நெவாடாவில் உள்ள 'ஏரியா 51' என்ற ரகசிய ராணுவத் தளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு என்று பெல் ஒரு லைன் திறந்து வைத்திருந்தார். ஒருவர் கூப்பிட்டார். மூச்சு வாங்குகிறது, குரல் நடுங்குகிறது, பேசப் பேச அழுகை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலிபரப்பு அறுந்தது. செயற்கைக்கோள் பூமியோடு தொடர்பை இழந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். நாடு முழுக்க அரை மணி நேரத்துக்கு நிகழ்ச்சி இல்லை. அடுத்த ஆண்டு ஒருவர் கூப்பிட்டு, அது நான் நடித்ததுதான் என்றார். நடிப்பாகவே இருக்கட்டும். அந்த அரை மணி நேரம் லட்சக்கணக்கான பேர் இருட்டில் ரேடியோவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அதை எந்த வடிகட்டியும் உள்ளே விட்டிருக்காது.

நூரி காலத்தில் அழைப்புகளைச் சோதித்துத்தான் லைனில் விடுகிறார்கள். விருந்தினர் எதைச் சொன்னாலும் "அப்படியா, அற்புதம்" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். பெல் முதலில் நம்புவது போலக் கேட்பார். நாலாவது கேள்வியில் ஆளைத் தடுமாற வைப்பார். குரலில் கடுமை இருக்காது.

#3 மூன்றாம்மணி

இரவுப்பணி அண்ணா, முதலில் ஒரு வணக்கம். நான் செயின்ட் லூயிஸில் நர்ஸ். முப்பது வருஷ அனுபவத்தில் பாதிக்கு மேல் இரவு டூட்டி.

நூரியை நீங்கள் எல்லோரும் 2003-இல் பார்த்தீர்கள். நாங்கள் அதற்கு முன்பே பார்த்தோம். இங்கே கே.டி.ஆர்.எஸ். நிலையத்தில் 'நைட்ஹாக்' என்ற பெயரில் அவர் இரவு நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். டெட்ராய்ட்காரர், முதலில் செய்தித் துறையில் இருந்தவர். அப்போதே அவரிடம் ஒரு குணம் உண்டு: பேசுகிறவரை அவமானப்படுத்தி அனுப்ப மாட்டார். மத்தியஅலை ஐயா இதைக் குறையாகச் சொல்கிறார். நான் வேலை பார்க்கும் இடத்திலிருந்து பாருங்கள்.

இரவு மூன்று மணிக்கு என் நோயாளிகளில் யாராவது, செத்துப்போன தன் கணவர் கட்டில் ஓரம் நின்றார் என்பார். அந்த நேரத்தில் நாலாவது கேள்வி கேட்டு அவரைத் தடுமாற வைக்க நான் யார்? "எங்கே நின்றார் அம்மா? என்ன சொன்னார்?" என்று கேட்பேன். பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்காருவேன். ரத்த அழுத்தம் இறங்கிவிடும். நூரியிடம் நான் கேட்டது அந்தக் குரல்தான். எல்லா விருந்தினரிடமும் அப்படி இருக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மருந்து விற்கிறவர்கள், சாப்பாட்டாலேயே எல்லாம் குணமாகும் என்கிறவர்கள் வரும்போது எனக்கும் பற்றிக்கொண்டு வரும். அங்கே அவர் நாலு கேள்வி கேட்டே ஆக வேண்டும், கேட்பதில்லை. ஆனால் லைனில் வரும் சாதாரண ஆளிடம் அவர் காட்டும் மரியாதை எனக்கு முக்கியம்.

#4 பகல்கேட்பவன்

நான் சென்னையிலிருந்து கேட்கிறேன், இணையத்தில். கலிஃபோர்னியாவில் இரவு பத்து என்றால் இங்கே குளிர்காலத்தில் காலை பதினொன்றரை, கோடையில் பத்தரை. வெயில் சுடச்சுடப் பேய்க்கதை கேட்கிற ஆள் நான்.

பெல்லின் பழைய பதிவுகளும் கேட்டேன், நூரியும் கேட்கிறேன். பகலில் கேட்டால் பெல் இன்னும் பயமுறுத்துகிறார், நூரி சாதாரணமாக இருக்கிறார். இரவு கண் விழித்துக் கேட்ட அன்று அப்படியே தலைகீழ். ஏன் என்று தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

#5 ஏரிக்கரை

வணக்கம். நான் யாழ்ப்பாணத்து ஆள், 1989-ல கனடாவுக்கு வந்தனான். டொராண்டோவில கன வருசம் இரவு டாக்சி ஓட்டினன். எங்கட வீட்டில சின்ன வயசில இலங்கை வானொலி ஓடாத நாள் இல்லை. ஒரு அறிவிப்பாளர் மாறினால் ஐயா ரெண்டு நாள் ரேடியோவோட கோவிச்சுக்கொண்டு இருப்பார். மூண்டாம் நாள் அவரே போய்த் திருகுவார்.

நான் வந்த புதுசில எல்லைக்கு அங்கால உள்ள ஸ்டேஷன் ஒண்டில லாரி கிங் கேப்பன். எல்லாருக்கும் அவரை டிவியில தானே தெரியும். அவர் 1978 ஜனவரியில மியூச்சுவல் வானொலியில நடுச்சாமத்து நிகழ்ச்சி தொடங்கினவர். அதுக்கு முதல் அந்த நேரத்தில ஹெர்ப் ஜெப்கோ, பிறகு லாங் ஜான் நெபல். கிங் முதல்ல ஒரு விருந்தாளியோட கதைப்பார். பிறகு விடியும் வரைக்கும் நாடு முழுக்க ஆர் வேணுமெண்டாலும் எடுத்துக் கதைக்கலாம். என்ர இங்கிலிஷ் அதில தான் திருந்தினது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுறனான்.

1993-ல அவர் பகல் நேரத்துக்குப் போயிட்டார். இரவுக்கு ஜிம் போஹானன். எனக்கு அப்ப பெரிய கவலை. ஆர் இந்த மனுசன், கிங்கின்ர கதிரையில இவருக்கு என்ன வேலை எண்டு ஒரு கிழமை கேக்கவே இல்லை. பிறகு ஒரு நாள் பியர்சன் விமான நிலைய வரிசையில நிக்கேக்க திருகினன். ஒரு கிழவர் போர்க்கால நினைவு ஒண்டு சொல்லுறார், இந்த மனுசன் குறுக்க பேசாமல் கேக்கிறார். அண்டைக்குப் பிடிச்சது, விடேல்லை.

இப்ப கணக்குப் பாருங்கோ. கிங் அந்த இரவுக் கதிரையில இருந்தது பதினைஞ்சு வருசம். போஹானன் இருந்தது இருபத்தொன்பது. 2022 அக்டோபர் வரைக்கும் கதைச்சுப்போட்டு, நவம்பரில கண்ணை மூடினார். பதிலுக்கு வந்த ஆள் எண்டு நாங்கள் நினைச்சவர் தான் அந்தக் கதிரைக்குச் சொந்தக்காரன் ஆனார்.

அதால இரவுப்பணி சொல்லுறது எனக்கு விளங்குது.

#6 இரவுப்பணி

ஏரிக்கரை அண்ணா, நான் நினைத்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். உங்கள் கணக்கை இங்கேயும் போட்டுப் பார்த்தேன். 'கோஸ்ட் டு கோஸ்ட்' என்று பெயர் மாறியது 1988-இல். அங்கிருந்து 2002 கடைசி வரை, நடுவில் விட்ட மாதங்களையும் சேர்த்தாலே பெல்லுக்குப் பதினான்கு பதினைந்து வருஷம். நூரி இருபதைத் தாண்டிவிட்டார்.

#7 மத்தியஅலை

நாற்காலியில் எத்தனை வருஷம் உட்கார்ந்தார் என்பது ஒரு அளவுகோலா? கோவில் வாசலில் நாற்பது வருஷம் கடை போட்டவரெல்லாம் அர்ச்சகர் ஆகிவிட முடியாது. போஹானன் வேறு விஷயம், அவர் நல்ல கேள்வி கேட்கிறவர். ஏரிக்கரை, உங்கள் போஹானனுக்கு என் முழு வணக்கம்.

பகல்கேட்பவன் கேட்டதற்கு வருகிறேன். அது என் துறை. நாற்பது வருஷமாகத் தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிப்பதே எனக்குப் பொழுது.

பகலில் சூரிய ஒளியால் அயனி மண்டலத்தின் கீழடுக்கு, டி அடுக்கு என்பார்கள், வலுவாக இருக்கும். மத்திய அலையை அது உறிஞ்சிவிடும். அதனால் பகலில் தரையோடு ஒட்டிப் போகும் அலை மட்டும்தான். அதிகம் போனால் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். பொழுது சாய்ந்ததும் டி அடுக்கு கரைகிறது. மேலே உள்ள அடுக்குகளில் பட்டு அலை திரும்புகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இறங்குகிறது. ஐம்பதாயிரம் வாட் நிலையம் ஒன்று பாதி நாட்டுக்கு உள்ளூர் நிலையம் ஆகிவிடும்.

பெல் ஆரம்பித்தது அப்படித்தான். 1978-இல் லாஸ் வேகாஸில் கே.டி.டபிள்யூ.என்., 720 கிலோஹெர்ட்ஸ், ஐம்பதாயிரம் வாட். அப்போது அதற்குப் பெயர் 'வெஸ்ட் கோஸ்ட் ஏ.எம்.' ஒரே நிலையம், மேற்கு மாநிலங்கள் பூராவும் கேட்கும். செயற்கைக்கோள் வழியாக நாடு முழுக்கப் போனது அப்புறம்தான். பெல் சிறுவயதிலிருந்தே அமெச்சூர் வானொலிக்காரர், டபிள்யூ6ஓ.பி.பி. என்பது அவருடைய அழைப்புக் குறியீடு. தன் வீட்டு வளாகத்தில் பெரிய பெரிய ஆண்டெனா கட்டி வைத்திருந்தார். இந்த அலை எப்படி ஏறி இறங்கும் என்று அவருக்கு உடம்பிலேயே தெரியும்.

நீங்கள் இணையத்தில் கேட்கிறீர்கள். குரல் ஒரே சீராக வரும். நாங்கள் கேட்டபோது குரல் கரையும், திரும்பும், நடுவில் மெக்ஸிகோ நிலையம் ஒன்று எட்டிப் பார்க்கும். விருந்தினர் முக்கியமான வார்த்தையைச் சொல்லும் நேரம் பார்த்து மங்கும். காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக் கேட்ட வார்த்தைக்கு இருக்கும் எடை வேறு. பெல் அந்த மங்கலுக்காகவே பேசத் தெரிந்தவர். மெதுவாக, இடைவெளி விட்டு. அந்த இடைவெளிகள்தான் பகல் வெயிலிலும் உங்களைப் பயமுறுத்துகின்றன.

#8 பகல்கேட்பவன்

இதற்காகவே ஒரு மத்திய அலை ரேடியோ வாங்கப் போகிறேன். நன்றி ஐயா. அப்போ நூரி இரவில் மட்டும் பிடிப்பது எதனால்?

#9 மூன்றாம்மணி

அதற்கு நான் சொல்கிறேன் தம்பி. இரவில் நீங்கள் களைத்திருந்தீர்கள். அவ்வளவுதான்.

#10 வறண்டநிலம்

இடையில் நுழைகிறேன். இந்தச் சண்டையில் மூன்றாவது ஆளை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். சில வார இறுதிகளில் ஜார்ஜ் நாப். லாஸ் வேகாஸ் தொலைக்காட்சிச் செய்தியாளர். 'ஏரியா 51' என்ற பெயரை 1989-இல் பொதுமக்கள் வாய்க்குக் கொண்டுவந்ததே அவர் செய்திகள்தான். ஆவணம் எங்கே, யார் பார்த்தது, எந்தத் தேதி என்று கேட்பார். பெல்லின் கூர்மை வேண்டுமென்றால் அங்கே இருக்கிறது. ஒரே நிகழ்ச்சியில் வார நாளுக்கு ஒருவர், வார இறுதிக்கு வேறொருவர் என்று இருப்பதும் மாற்றத்தால் வந்த நன்மைதான். பெல் ஒருவரே எல்லாமாக இருந்தபோது அவருக்குச் சளி பிடித்தால் நாடே தும்மியது.

#11 மத்தியஅலை

நாப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. நல்ல ஆள். ஆனால் பெல்லே பின்னாளில் நூரியின் நிகழ்ச்சியை வெளிப்படையாகக் கண்டித்தார் என்பதை மறக்க வேண்டாம். கட்டியவருக்கே பிடிக்காத வீட்டை நான் எப்படிப் புகழ்வேன்?

#12 இரவுப்பணி

ஐயா, அந்த இடத்துக்குத்தான் நானும் வர நினைத்தேன்.

2013 செப்டம்பரில் பெல் செயற்கைக்கோள் வானொலியில் 'டார்க் மேட்டர்' என்று தொடங்கினார். சந்தா கட்டி, கருவி வாங்கி, வீட்டில் எல்லோரையும் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு மாதம்கூட ஓடவில்லை. 2015 ஜூலையில் இணையத்தில் 'மிட்நைட் இன் தி டெசர்ட்'. முதல் இரவு அந்தக் குரல் வந்ததும் கண் கலங்கிவிட்டது, மறைக்க மாட்டேன். டிசம்பர் நடுவில் அதையும் நிறுத்தினார். வீட்டு எல்லையில் யாரோ துப்பாக்கியால் சுடுகிறார்கள், குடும்பத்துக்கு ஆபத்து என்றார். அந்த நிலையில் யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வார்கள்.

ஆனால் கவனியுங்கள், நிகழ்ச்சியை அவர் மூடவில்லை. ஹெதர் வேட் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தான் இல்லாத இரவிலும் மைக்குக்கு எதிரே ஒருவர் இருக்க வேண்டும் என்று நினைத்ததால்தானே கொடுத்தார்? நூரி பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. நாற்காலி காலியாகக் கூடாது என்று அவரே நினைத்தார் என்பதை நீங்கள் மறுக்க முடியாது.

வடிகட்டாத லைன் போனது பெரிய இழப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஈடு கிடையாது, நூரியாலும் தர முடியவில்லை. ஆனால் அவர் எதைக் காப்பாற்றினார் என்றும் பாருங்கள். ஹாலோவீன் இரவில் நேயர்களே பேய்க்கதை சொல்லும் 'கோஸ்ட் டு கோஸ்ட்', ஆமாம், இங்கே 'கோஸ்ட்' என்றால் பேய்தான், பெல் ஆரம்பித்தது. ஆண்டுக் கடைசி இரவில் நேயர்களின் ஆரூடங்கள், அதுவும் பெல் காலத்து வழக்கம். புதிதாக வருகிறவர்கள் முதல் வேலையாக முந்தியவர் அடையாளத்தை அழிப்பார்கள். இவர் விளக்கை அணைக்காமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

#13 மூன்றாம்மணி

2018 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. பெல் பாரம்பில் தன் வீட்டில் இறந்துபோனார், 72 வயது. அன்று எனக்கு இரவு டூட்டி. எங்கள் தளத்தில் துப்புரவு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், இருபது வருஷப் பழக்கம், என்னிடம் வந்து, "ஆர்ட் போயிட்டார்" என்றார். பெயரை மட்டும். யார் ஆர்ட் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் காபி மிஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றோம்.

அவர் நூரி ரசிகர் இல்லை. நானும் அவரும் எத்தனையோ இரவு இதே சண்டை போட்டிருக்கிறோம், இங்கே நீங்கள் போடுவது போல. ஆனால் அந்த இரவு ஸ்டோர் ரூம் ரேடியோவைப் போட்டது அவர்தான்.

#14 மத்தியஅலை

அம்மா, அந்த இரவு நானும் போட்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

இரவுப்பணி தம்பி, நூரியை நான் பெல்லுக்குச் சமமாக வைக்க மாட்டேன், அது என்னால் ஆகாது. ஆனால் நீ கேட்டது சமமா என்று இல்லை என்பது இப்போது புரிகிறது. 2000-இல் சீகல் வந்தபோது நாங்கள்தான் அவரை இருக்க விடவில்லை. தினமும் நிலையத்துக்குக் கடிதம், மின்னஞ்சல், பெல்லைக் கொண்டு வா என்று. நானே நாலைந்து எழுதினேன். அந்த மனிதர் என்ன செய்தார் என்று ஒரு வாரமாவது நியாயமாகக் கேட்டோமா? இல்லை. அது இன்றைக்கு உறுத்துகிறது.

#15 ஏரிக்கரை

ஐயா, என்ர ஐயாவும் மூண்டாம் நாள் திருகினவர் தானே.

போஹானனுக்குப் பிறகு அந்த இரவு நேரத்துக்கு வேற ஒருத்தர் வந்திருக்கிறார். நான் டாக்சியை விட்டுப் பல வருசம், இப்ப நித்திரை வராததால தான் முழிப்பு. அவரைக் கேக்க எனக்கு மனம் வரேல்லை. போஹானன் இல்லாத நேரத்தைக் கேக்கிறது துரோகம் மாதிரி இருந்தது. இந்த இழையை வாசிச்சாப் பிறகு நேற்றுத் தேடினன். எனக்குப் பிடிச்ச வேகம் இல்லை, அவசரமாகக் கதைக்கிறார். எண்டாலும் ஒரு லொறிச் சாரதி எடுத்தார், பனியில றோட்டு மூடி எங்கையோ நிக்கிறாராம். அவரோட கொஞ்ச நேரம் நல்லாக் கதைச்சார்.

இண்டைக்கும் கேப்பன்.

#16 இரவுப்பணி

அண்ணா, அப்படியே ஒரு மணிக்கு மேல் கிளீவ்லாந்து நிலையம் 1100-ஐயும் திருப்புங்கள், நூரி வருவார். ஏரிக்கு உங்கள் பக்கமும் நன்றாகவே கேட்கும். நானும் இன்று விழித்திருப்பேன்.